கல்லு வேர்க்குமாம்

அந்த மூட்டையில் இராதேயும் தம்பி. அது சீமெந்து.

எழும்பும். இந்தப் பக்கம் வாரும், இந்தத் தூணில் முதுகைச் சாய்க்கலாம். கோபிக்காதேயும். உம்முடைய பாரத்துக்காகச் சொல்லவில்லை. பொலித்தீன் கிழிந்தால் ஈரம் பிடிக்கும், ஈரம் பிடித்தால் கட்டியாகும், கட்டியானால் கடலில் தள்ளத்தான் உதவும். இந்த ஒரு மூட்டைக்காகக் கடல் தாண்டி வந்தவன் நான்.

தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா பார்க்கிறீர்? காற்றால் கப்பல் பிந்தும் என்று அறிவித்ததும் வெள்ளைக்காரர் எல்லாரும் கோப்பிக் கடைக்குப் போனார்கள். நீர் மட்டும் பையைத் தலைக்கு வைத்துப் படுக்க இடம் தேடினீர்.

ஊர் எது? புங்குடுதீவோ. அப்ப சரி. புங்குடுதீவார் கடை போடுகிற ஆக்கள். கல்லைப் பற்றி உமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் நெடுந்தீவு. பேர் நீக்கிலாஸ். பந்தெலேரியாவுக்குத்தானே போகிறீர்? இந்தக் கப்பல் வேறெங்கே போகிறது. திராட்சை வெட்டவோ? வெட்டும், வெட்டும். முதுகு முறியும். அங்கே திராட்சைக் கொடி முழங்காலுக்கு மேல் எழும்பாது. குழி தோண்டி அதற்குள் நடுவார்கள். காற்று அப்படி. அது ஒரு குனிந்த தீவு. செடி குனிந்து நிற்கும், வீடு குனிந்து நிற்கும், கதவும் குனிந்து நிற்கும். மனிசர் மட்டும் நிமிர்ந்து நின்று சண்டைக்கு வருவார்கள்.

அங்கே சீமெந்து விற்கிறதில்லையோ என்று கேட்கிறீர். நல்ல கேள்வி. ஒரு கடை இருக்கிறது. கடைக்காரன் நூன்சியாவின் மச்சான். அவனுடைய முதுகுக்குப் பின்னால் கூரை முட்ட மூட்டை அடுக்கியிருக்கிறது. என்னைக் கண்டதும் "முடிஞ்சுது" என்கிறான். "அப்ப அது என்ன?" என்று கையைக் காட்டினேன். "அது மா" என்கிறான். சுற்றி நின்றவன் எல்லாம் சிரிக்கிறான். சீமெந்தைக் காட்டி மா என்று சொல்லுகிற ஊருக்குத்தான் நீர் போகிறீர். அதுதான் இந்தத் திராப்பானித் துறைமுகம் வரைக்கும் வந்து வாங்கிக்கொண்டு போகிறேன். மாவாம்.

நூன்சியா யாரென்று சொல்லவில்லை. சொல்லுகிறேன். கப்பல் இப்போதைக்கு வராது.

நானும் மனிசியும் ஒரு மிலான்காரியின் வீட்டைப் பார்க்கிறோம். பார்த்தோம். இப்போது நான் மட்டும் பார்க்கிறேன். வீட்டுக்காரி கோடையில் வருவாள், கடலைப் பார்ப்பாள், போவாள். மற்றக் காலமெல்லாம் வீடும் வளவும் எங்கள் பொறுப்பு. மனிசி பேர் றெஜினா. பாசையூர் ஆள். அவள் இப்போது அடுத்த வீட்டில் இருக்கிறாள். அடுத்த வீடு என்றால் நூன்சியா வீடு.

சிரிக்காதேயும். மனிசி செத்துப்போனாள் என்று ஒருத்தன் சொல்லலாம். வேறொருத்தனோடு போய்விட்டாள் என்றால்கூட, தலையைக் குனிந்துகொண்டாவது சொல்லலாம். ஒரு மதிலுக்காகக் கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பொம்பிளையோடு போய் இருக்கிறாள் என்று யாரிடம் சொல்வது? சொல்லுகிறவனைத்தான் விசரன் என்பார்கள்.

ஆனால் அவள் வரப்போகிறாள். அதற்குத்தான் இந்த மூட்டை.

அந்தத் தீவில் ஒரு பழக்கம். நீர் போனதும் காண்பீர். தோட்டத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு கோட்டை நிற்கும். கறுத்த எரிமலைக் கல். இரண்டு ஆள் உயரம். மேலே கூரை இல்லை. ஒரு பக்கம் குட்டிக் கதவு, நாய் நுழைகிற அளவு. உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்? பொன்னோ, பொருளோ? ஒரு தோடை மரம், ஆரஞ்சு என்கிறார்களே, அது. ஒன்றே ஒன்று. ஒரு தோடை மரத்தைக் காற்றுக்கு மறைக்க இவ்வளவு கல்லைச் சுமந்து கட்டியிருக்கிறார்கள். கட்டியிருக்கிறார்கள் என்று சொல்வதே பிழை. அடுக்கியிருக்கிறார்கள். சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, களிமண்கூட இல்லை. கல்லுக்கு மேல் கல். எந்தக் காலத்தில் கட்டினது என்று கேட்டால் அரபுக்காரன் காலம் என்று ஒருத்தன் சொல்லுவான், அதற்கும் முந்தி என்று இன்னொருத்தன் சொல்லுவான். அத்தனை காலமும் ஒருத்தனுக்கும் அதைப் பூச வேண்டும் என்று தோன்றவில்லை, பாரும்.

எங்கள் வளவுக்குள்ளும் அப்படி ஒன்று. காணி மிலான்காரியுடையது. மரம் நூன்சியாவுடையது. தகப்பன் அவளுக்கு எழுதிவைத்தது. உமக்கு விளங்கும். எங்கள் ஊரிலும் இதுதானே? கிணறு ஒருத்தனுடையது, தண்ணீரில் பங்கு இன்னொருத்தனுக்கு. காணி ஒருத்தன், அதில் நிற்கிற பனை வேறொருத்தன். அதனால் எத்தனை மண்டை உடைந்தது. அந்தச் சனியனை விட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தால், அது எனக்கு முந்தி வந்து காலை நீட்டிக்கொண்டு இருக்கிறது.

நூன்சியாவுக்கு என் வயதுதான் இருக்கும். தடித்த உடம்பு. வாயில் எப்போதும் சிகரெட். மூன்று சில்லு வண்டியைக் கொண்டுவந்து எங்கள் படலைக்கு நேரே நிறுத்துவாள். ஒரு குரல் கொடுக்க மாட்டாள். நேரே வளவுக்குள் வருவாள், என்னைத் தாண்டிப் போவாள், அந்தக் குட்டிக் கதவுக்குள் குனிந்து நுழைவாள். என் பேர் தெரியும். என்றாலும் "இந்தியானோ" என்றுதான் கூப்பிடுவாள். "நான் இந்தியன் இல்லை, சிலோன்" என்பேன். "ரெண்டும் தூரம்தானே" என்பாள். இவளோடு என்ன கதைப்பது?

றெஜினா கதைத்தாள். அதுதான் பிழையாய்ப் போனது.

றெஜினாவுக்கு அந்தக் காற்றுப் பிடிக்காது. வந்த நாளிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். முற்றம் கூட்டினால் குப்பை நிற்காது, பறக்கும். அவள் என்ன செய்வாள் என்றால், கூட்டின குப்பையைக் குவித்து, அதன் உச்சியில் ஒரு கல்லைத் தூக்கி வைப்பாள். குப்பைக்குத் தொப்பி. "உதென்னடியப்பா, குப்பைக்கு முடிசூட்டு விழாவோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் அடுத்த குவியலுக்குப் போவாள்.

ஒரு நாள் நூன்சியா இவளைக் கையில் பிடித்து அந்தக் கோட்டைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். வரவே இல்லை. நான் போய்க் கதவடியில் நின்று கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கால் உள்ளுக்கை வந்து பாருங்கோவன்" என்றாள். "காத்துச் சத்தமே இல்லை. இதுக்கை இருந்து கனடாவுக்கு எடுத்தால் அக்கா மூச்சு விடுறதும் கேக்கும்."

"கொக்காவின்ரை மூச்சைக் கேட்டு என்ன செய்யப்போறாய்? உலையிலை அரிசி கிடக்குது."

"குனிஞ்சு வாங்கோ. பெரிய உயரமே நீங்கள்?"

நான் போகவில்லை. ஏன் குனிய வேண்டும்? என் பொறுப்பில் இருக்கிற வளவில் ஒரு மரத்தைப் பார்க்க நான் நாலு காலில் போகவோ?

அதற்குப் பிறகு விடிந்தால் அவள் அதற்குள்தான். ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். செபமாலை சொல்வாள், அக்காவோடு கதைப்பாள், நூன்சியா வந்தால் இரண்டு பேருமாகச் சிரிப்பார்கள். றெஜினாவுக்கு இத்தாலி பாஷை அரைகுறை, நூன்சியாவுக்குத் தமிழ் தெரியாது. எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்? நான் வெளியே வெயிலில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்பேன். என்னோடு அப்படி அவள் எந்தக் காலத்தில் சிரித்தாள்?

போன மாரிக்கு முந்தின மாரியில் ஒரு புயல் அடித்தது. கோட்டையின் வடக்குப் பக்கம் ஒரு துண்டு சரிந்து விழுந்தது. விழாமல்? பசை இல்லாத கல்லு. நூன்சியா வந்து பார்த்தாள். சிகரெட் புகையை விட்டாள். "மருமகன் வருவான். அவன் திருப்பி அடுக்குவான். நீ தொடாதே" என்றாள்.

மருமகன் வரவில்லை. அவனுக்கு ஊரில் ஆயிரம் மதில். றெஜினா அந்தக் கதிரையில் காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு இருந்தாள்.

"வடக்காலை ஊதுது. காது குத்துது" என்றாள்.

"பொறு. நான் அடைச்சுத் தாறன். ஒரு நூல் காத்தும் வராது" என்றேன்.

இதைக் கவனமாகக் கேளும் தம்பி. அவளுக்காகத்தான் செய்தேன். பிறகு ஆளாளுக்கு ஒவ்வொன்று சொல்வார்கள். நான் செய்தது அவளுடைய காதுக்காக.

விழுந்த துண்டை மட்டும் கட்டிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் நான் அரைகுறை வேலை செய்கிறவன் இல்லை. ஒரு பக்கம் அழகான சீமெந்துக் கட்டு, மற்றப் பக்கம் பல்லு விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கல்லு. பார்க்கச் சகிக்குமோ? வட்டம் முழுக்க ஒவ்வொரு இடுக்கிலும் கலவையை அடித்து நிரப்பினேன். அதற்கு மேல் உள்ளேயும் வெளியேயும் பூசினேன். மட்டப்பலகை வைத்து, கண்ணாடி மாதிரி. அந்த மாரி முழுக்க வேலை. உள்ளே பூசுகிற நாட்களில் குனிந்துதான் போனேன், வேலைக்காகக் குனிவது வேறு.

நூன்சியா பாதி வேலையில் வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தரம் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"இந்தியானோ! ஆரைக் கேட்டுக் கட்டுறாய்?"

"விழுந்தது என்ரை வளவுக்கை. கட்டுறது நான்."

"மரம் என்ரை."

"மரத்திலை கை வைச்சனானோ?"

"கல்லை ஏன் ஒட்டுறாய்?"

"ஒட்டாமல்? உங்கடை ஊரிலை எச்சில் போட்டோ வைக்கிறது?"

"என்ரை பாட்டன்ரை பாட்டனுக்கும் முந்தி நிண்ட சுவர் இது."

"அதுதான் விழுந்தது."

நல்ல பதில், என்ன? அவர்களுடைய பாஷையிலேயே சொன்னேன். விறுவிறென்று உள்ளே வந்தாள். என் தாச்சியில் கையை விட்டு ஒரு பிடி கலவையை அள்ளி என் நெஞ்சில் எறிந்தாள். பொம்பிளை என்றபடியால் விட்டேன். போகும்போது திரும்பி நின்று, "மூச்சடைச்சுக் கொல்லுறாய்" என்று கத்தினாள். என்னையா மரத்தையா சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அவளால் மதிலில் கை வைக்க முடியாது, அதுதான் சங்கதி. மரம் அவளுடையது, மதில் காணியோடு சேர்ந்தது. மிலான்காரிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "பிராவோ, நீக்கோ" என்று பதில் வந்தது. அவள் அதைச் சரியாகப் பார்த்தாளோ தெரியாது. எனக்கு அது போதும்.

மதிலின் உச்சியில் போத்தல் ஓடும் பதித்தேன். மிலான்காரியின் விருந்தாளிகள் குடித்துப்போட்ட வைன் போத்தல்கள் ஒரு குவியல் கிடந்தன. பச்சையும் மஞ்சளுமாக உடைத்து வட்டமாகக் குத்தினேன். வெயில் பட்டால் முடி மாதிரி மின்னும். அந்தத் தீவிலேயே அப்படி ஒரு மதில் இல்லை. றோட்டால் போகிற வெள்ளைக்காரர் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு ஏனோ தலையை ஆட்டுகிறார்கள். பொறாமை.

றெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். உள்ளே போனாள், உடனே வெளியே வந்தாள்.

"இப்ப காத்து வருதோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஒரு நூல்?"

"ஒண்டும் இல்லை" என்றாள். பிறகு, "இஞ்சாருங்கோ, மரத்துக்கு ஆர் தண்ணி ஊத்திறது?" என்றாள்.

"இவ்வளவு நாளும் ஆர் ஊத்தினது?"

"ஒருத்தரும் ஊத்திறேல்லை. விடியப்புறம் கல்லு வேர்க்குமாம். காத்து கல்லுக்குள்ளாலை போய் வரேக்கை குளிர்ந்து நீர் பிடிக்குமாம். அந்த ஈரம் வழிஞ்சு அடியிலை இறங்குமாம். மழை இல்லாத ஊரிலை இந்த மரம் அதைக் குடிச்சுத்தான் நிக்குதாம். நூன்சியா கையைப் பிடிச்சுக் கல்லிலை வைச்சுக் காட்டினவ. நான் கண்டனான்."

கல்லு வேர்க்குமாம்! கேட்டீரோ? ஆட்டுக்கு வேர்க்கிறதா என்றே எனக்கு இன்னும் சந்தேகம், இவளுக்குக் கல்லு வேர்க்கிறது. ஒரு வெள்ளைக்காரி கையைப் பிடித்து வைத்துவிட்டால் எதையும் நம்புவாள். நான் இவ்வளவு வருசமும் சொன்னதில் எதை நம்பினாள்?

நான் கல்லுக்குள் பிறந்தவன் தம்பி. நெடுந்தீவுக்கு வந்திருக்கிறீரோ? வந்திருக்க மாட்டீர், வள்ளத்தில் புங்குடுதீவாருக்குத் தலை சுற்றும். எங்கள் ஊர் முழுக்கக் கல்வேலி. முருகைக்கல்லைக் கடற்கரையில் பொறுக்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது. கலவை கிடையாது. ஏன்? காசு கிடையாது. அதுதான் காரணம், வேறு ஒரு மர்மமும் இல்லை. விடியக் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் வேலியில் கையை இழுத்துக்கொண்டு போவோம். கை நனைந்துவிடும். ஊரே காய்ந்து கிடக்கிற காலத்தில் கல்வேலியின் அடியில் மட்டும் ஒரு வரிசை புல்லுப் பச்சையாக நிற்கும். அது பனி. பனிக்கும் வேர்வைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதோ?

கலியாணம் பேசி வந்தபோது றெஜினாவின் தாய்மாமன் எங்கள் படலையில் நின்று, "கல்லை அடுக்கிப்போட்டு வீடெண்டு சொல்லுற ஆக்கள்" என்று சொன்னார். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார். விழுந்தது. இன்னும் கிடக்கிறது. இத்தாலிக்கு வந்து முதல் அனுப்பின காசில் என்ன செய்தேன் தெரியுமோ? அந்தக் கல்வேலியை இடித்துத் தள்ளி மதில் எழுப்பினேன். சீமெந்து மதில், போத்தல் ஓடு, இரும்புப் படலை. எங்கள் ஒழுங்கையில் முதல் மதில் அதுதான். படம் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன். ஆடுகள் மட்டும் அந்தப் பக்கம் படுக்கிறதை விட்டுவிட்டன. முந்தி மத்தியானத்தில் வேலி ஓரமாக வரிசையாகப் படுத்துக் கிடக்கும். ஆட்டுக்கு மதிலின் பெறுமதி தெரியுமோ?

கோடை வந்தது. அந்தக் கோடை எல்லா இடமும் வெயில். கோட்டைக்குள் போனால் பாண் சுடுகிற போறணை மாதிரி இருந்தது. வெயில் காலத்தில் வெயில் அடிக்கத்தானே செய்யும்? மரத்தின் இலை சுருண்டது, பிறகு பழுத்தது, பிறகு கொட்டியது. றெஜினா பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் கொண்டுபோய் ஊற்றினாள். நான் தடுத்தேன். அங்கே கிணறு இல்லை, மாரியில் கூரையில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் வருசம் முழுக்கக் குடிப்பது. மிலான்காரியின் விருந்தாளிகள் குளிக்க வேண்டாமோ? மரம் நூன்சியாவுடையது, தண்ணீர் எங்களுடையது. சட்டம் என்றால் இரண்டு பக்கமும் சட்டம்தான்.

நூன்சியா ஒவ்வொரு நாளும் வந்தாள். கத்தவில்லை. உள்ளே போய் உதிர்ந்த இலையைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம். இலை பொறுக்குகிறவளை என்ன செய்வது? அவள்தான் எதையோ ஊற்றி மரத்தைக் கருக்கினாள் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். என்னை அந்த வளவிலிருந்து கிளப்புவதற்கு.

கடைசி இலையும் விழுந்த நாள் றெஜினா என் முன்னால் வந்து நின்றாள்.

"உந்தப் பூச்சைக் கொத்தி எடுங்கோ."

"எதை?"

"மதிலை. பூச்சை எடுத்தால் மரம் தப்பும். வேர் இன்னும் சாகேல்லையாம்."

"ஒரு மாரி முழுக்க நாரி முறியப் பூசினது. நீ கேட்டுத்தானே பூசினனான்?"

"நான் மதில் கேக்கேல்லை."

"காது குத்துதெண்டு சொன்னது ஆர்?"

"காது குத்துதெண்டுதான் சொன்னனான்."

"பின்னை?"

அவள் திரும்பி நடந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பையில் உடுப்பை வைத்தாள். படலையடியில் நின்று சொன்னாள், "அந்த மரம் துளிர்க்கட்டும். அண்டைக்கு வாறன்." சத்தம் போடாமல் சொன்னாள். மூன்று சில்லு வண்டி வெளியே நின்றது.

பிள்ளைகள் இல்லை எங்களுக்கு. ஒரு தேத்தண்ணி வைத்தால் இரண்டாவது கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாத வீடு இப்போது. சரி, அதை விடும்.

சமைத்துத் தருகிறாள், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மத்தியானமும் நான் சரிந்து படுக்கிற நேரம் பார்த்து வந்து, கறியைக் குசினியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கதை இல்லை. எழும்பிப் பார்த்தால் சட்டி சுடச்சுட இருக்கும்.

இனித்தான் முக்கியமான கதை. அவள் போன பிறகு வந்த மாரியில் ஒரு நாள் மதிலில் ஓட்டை கண்டேன். வடக்குப் பக்கம், அடியில். யாரோ உளி வைத்துப் பூச்சைக் கொத்தி, இடுக்கில் இருந்த கலவையைச் சுரண்டி எடுத்திருக்கிறான். ஒரு கை போகிற அளவு. நான் அடைத்தேன். அடுத்த நாள் பக்கத்தில் இன்னொன்று. அதையும் அடைத்தேன். பிறகு இரண்டு. நான் அடைக்க அவன் கொத்த, இந்தப் பக்கம் முடிய அந்தப் பக்கம். கைவசம் இருந்த சீமெந்து முடிந்தது. வாங்கப் போனால் மா என்கிறான் மச்சான்காரன். இப்போது விளங்குகிறதோ? எல்லாம் ஒரு கூட்டம். கொத்துகிறவன் நூன்சியாவின் அந்த மருமகன்தான், சத்தியம் பண்ணுவேன்.

எவ்வளவு கெட்டித்தனம் என்று பாரும். என் உளியையே எடுக்கிறான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து அதே ஆணியில் கொழுவிவிட்டுப் போகிறான். நான் கண்ணயர்கிற நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. கொத்தின தூளைக்கூடச் சிதற விடுவதில்லை. கூட்டிக் குவித்து, பறக்காமல் உச்சியில் ஒரு கல்லு வேறு வைத்துவிட்டுப் போகிறான். கள்ளனுக்கும் ஒரு ஒழுங்கு.

ஒரு நாள் வேண்டுமென்றே படுக்காமல் குசினியில் இருந்தேன். றெஜினா கறியோடு வந்தாள். என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"வளவுக்கை ஆரையும் கண்டியோ?" என்று கேட்டேன்.

"காணேல்லை."

"மதிலைக் கொத்திறான் ஒருத்தன். கண்டால் சொல்லு. காலை முறிக்கிறன்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை, தம்பி. வெடித்து, நகமெல்லாம் தேய்ந்து, சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளையாக இருந்தது. என் வீட்டில் இருந்தபோது அந்தக் கையில் ஒரு கீறல் இருந்ததோ? அங்கே கொண்டுபோய் வைத்து என்ன வேலை வாங்குகிறாளோ அந்த நூன்சியா. எனக்கு வந்த கோபத்தில் கறியைத் தொடவில்லை. பிறகு சாப்பிட்டேன். சூடை மீன். தேசிக்காய் விட்டு வைத்திருந்தாள்.

இப்போது கேளும். போன கிழமை விடியக் காலையில் உள்ளே போனேன். சும்மாதான், எத்தனை ஓட்டை என்று பார்க்க. வடக்குப் பக்கக் கொப்பில், அந்தக் கள்ளன் கொத்தி வைத்திருக்கிற ஓட்டைகளுக்கு நேரே, ஒரு துளிர். சின்ன விரல் நகம் அளவு. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அதற்குக் கீழே இன்னொன்று. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கத்து மண் கறுப்பாக இருந்தது, தொட்டால் குளிர்ந்தது. மற்றப் பக்கம் எல்லாம் புழுதி.

இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது பாரும். மதில் பிடித்துவிட்டது. சீமெந்துக்கும் இறுகிப் பழகக் காலம் வேண்டும், அது இவர்களுக்கு விளங்காது. என் மதிலின் மறைவில்தான் அது துளிர்த்திருக்கிறது. அந்த ஓட்டைகள் இல்லாவிட்டால் எப்போதோ துளிர்த்திருக்கும்.

றெஜினாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. துளிர்த்தால் வருகிறேன் என்றாள், சொன்னால் வருவாள். ஆனால் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிற இடத்துக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது? அவளுடைய காதுக்குக் காற்று ஆகாது. முதலில் எல்லாவற்றையும் அடைப்பேன். இந்த மூட்டை போதும். வட்டம் முழுக்க ஒரு புதுப் பூச்சும் கொடுப்பேன். அந்தக் கதிரையைத் துடைத்து உள்ளே வைப்பேன். அதற்குப் பிறகு நூன்சியாவின் படலையில் போய் நின்று, உள்ளே போகாமல், ஒரு குரல் கொடுப்பேன். அவள் வரும்போது ஒரு நூல் காற்றும் இருக்கக் கூடாது.

என்ன, தலையை ஆட்டுகிறீர்? நீரும் கல்லு வேர்க்கிற கட்சியோ?

அங்கே பாரும், கப்பல் வந்து வாயைத் திறக்கிறது. எழும்பும், எழும்பும். உம்முடைய பையைத் தோளில் போடும். ஒரு உதவி, இந்த மூட்டையில் ஒரு பக்கம் பிடியும். நாரி எனக்கு முந்தின மாதிரி இல்லை. கவனம், பொலித்தீன் கிழிந்துவிடும்.

பொறும். கீழே வையும்.

இதென்ன ஈரம்? சுற்றி வரத் துளித் துளியாக நிற்கிறது. மழை இல்லை. மேலே கூரை இருக்கிறது. கடல் தெறிக்கிற தூரமும் இல்லை. நான் என் கையால் துடைத்துக் கட்டின மூட்டை, காற்றுப் போகாமல்.

உம்முடைய கையைக் காட்டும்.

நினைத்தேன். உமக்குத்தான் கை வேர்க்குது தம்பி. துடைத்துவிட்டுப் பிடியும்.